26 பிஎஸ்ஐ: ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் அதன் டயரும்

எந்தக் காரிலும் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், கதவு வந்து மோதும் தூணில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். டயர் அளவு என்ன, முன்னால் எவ்வளவு காற்று, பின்னால் எவ்வளவு காற்று என்று அதில் இருக்கும். நம்மில் பலர் அதைக் குனிந்து படித்ததே இல்லை. பங்கில் காற்று அடிக்கிறவர் கேட்டால் வாயில் வந்த எண்ணைச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

1990இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற எஸ்யூவியின் ஸ்டிக்கரில், 235 மிமீ அகல டயருக்கு 26 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 26 பவுண்டு காற்றழுத்தம்) என்று போட்டிருந்தது. ஃபயர்ஸ்டோன் டயர்கள் பிய்ந்து எக்ஸ்ப்ளோரர்கள் கவிழ்ந்த கதை பலருக்கும் தெரியும். 2001 அக்டோபரில் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் எண்ணிச் சொன்ன சாவுகள் 271. அந்தக் கதையை "மோசமான டயர்" என்ற இரண்டு சொல்லில் முடித்துவிடுவதே வழக்கம். எனக்கு அது போதவில்லை. டயரின் அளவும் வகையும் காற்றழுத்தமும் ஒரு வண்டியின் நடத்தையை எப்படி மாற்றுகின்றன என்பதற்கு இதைவிட முழுமையான ஒரு நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை. வண்டியின் உடம்பில் சரிசெய்திருக்க வேண்டிய ஒன்றை டயரை வைத்துச் சரிசெய்தார்கள். அந்தச் சுமை டயருக்குள் வெப்பமாக இறங்கியது. இதுதான் நான் சொல்ல வருவது. கணக்குகளோடு பார்ப்போம்.

பிக்கப்பிலிருந்து வந்த குடும்ப வண்டி

எக்ஸ்ப்ளோரருக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது ஃபோர்டின் பிராங்கோ II. குட்டையான, ஒடுக்கமான, உயரமான வண்டி. வளைவுகளில் குடை சாய்கிறது என்ற கெட்ட பெயர் அதற்கு 1980களிலேயே வந்துவிட்டது. அமெரிக்க நுகர்வோர் இதழான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 1988இல் சுசூகி சாமுராயையும் 1989இல் பிராங்கோ IIஐயும் ஓட்டிப் பார்த்துக் கடுமையாக எழுதியது.

எக்ஸ்ப்ளோரர் அதைவிடப் பெரிய வண்டி. நான்கு கதவு, குடும்பம் முழுக்க ஏறிக்கொள்ளும் இடம், கூரை மேல் சாமான் வைக்கச் சட்டம். ஆனால் அடிப்படை அதே, ஃபோர்டின் ரேஞ்சர் பிக்கப் வம்சம். முன்பக்கம் ட்வின் ஐ-பீம் என்ற பழைய சஸ்பென்ஷன். அது இன்ஜினை உயரத்தில் உட்கார வைத்தது. உற்பத்தி தொடங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்த 1989இல் ஃபோர்டின் சோதனைத் தளத்தில் மாதிரி வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள். நேராகப் போகும் வண்டியின் ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒரு பக்கம் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்வது ஒரு சோதனை. வண்டி போகும் தடம் ஆங்கில 'ஜே' எழுத்து போல இருப்பதால் ஜே-டர்ன் என்று பெயர். சில டயர், காற்றழுத்த, ஸ்பிரிங் சேர்க்கைகளில் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின.

பின்னாளில் வழக்குகளில் வெளிவந்த நிறுவனத்தின் உள் ஆவணங்களில், இதைச் சரிசெய்ய நான்கு வழிகள் பேசப்பட்டிருக்கின்றன. வண்டியின் சட்டகமான சேஸியை இரண்டு அங்குலம் அகலமாக்கலாம். இன்ஜினைக் கீழே இறக்கலாம். டயர்க் காற்றைக் குறைக்கலாம். ஸ்பிரிங்கை இறுக்கலாம். முதல் இரண்டுக்கும் சட்டகத்தையும் தகட்டையும் மாற்ற வேண்டும். காலமும் பணமும் ஆகும். பின் இரண்டும் எளிது. எடுத்துக்கொண்டது பின் இரண்டை.

இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கனக்கிறது. அந்தப் பொறியாளர்கள் பிரச்சினையைக் கண்டுபிடித்திருந்தார்கள், சரியான மருந்தையும் எழுதி வைத்திருந்தார்கள்.

225ஆ, 235ஆ

டயர் அளவு வெறும் எண் இல்லை என்பதை எக்ஸ்ப்ளோரரின் இரண்டு டயர்களை வைத்தே பார்த்துவிடலாம். அடிப்படை மாடலில் வந்தது பி225/70ஆர்15. கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு, கம்பீரமாகத் தெரியும் பி235/75ஆர்15. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ஆர் என்றால் ரேடியல். கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். முன்னால் உள்ள பி, இது பயணிகள் கார் வகை டயர் என்று சொல்கிறது. லாரி வகை இல்லை. இத்தகைய டயரை உயரமான பலபயன் வண்டியில் போட்டால் அதன் சுமைத் திறனை 1.10ஆல் வகுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க விதியே உண்டு. குறைத்துத்தான் நம்ப வேண்டும் என்று அர்த்தம்.

225/70இல் பக்கச்சுவர் 157.5 மிமீ. 15 அங்குல ரிம் 381 மிமீ. மேலும் கீழும் சேர்த்து முழு விட்டம் 696 மிமீ. 235/75இல் பக்கச்சுவர் 176.25 மிமீ; முழு விட்டம் 733.5 மிமீ. விட்டத்தில் வித்தியாசம் 37.5 மிமீ. அதில் பாதி, அதாவது சுமார் 19 மிமீ, மொத்த வண்டியையும் மேலே தூக்கிவிடுகிறது. சுற்றளவு 5.4 சதவீதம் கூடுகிறது. சிறிய டயருக்குச் சரியாக வைத்த மீட்டரில் 100 என்று காட்டும்போது வண்டி 105இல் போய்க்கொண்டிருக்கும்.

19 மிமீ, ஒரு கட்டை விரலின் அகலம்கூட இல்லையே என்று தோன்றும். நிலைத்தன்மையைக் கணக்கிட ஒரு எளிய விகிதம் உண்டு: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தடத்தின் அகலத்தை, வண்டியின் ஈர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுப்பது. விளக்கத்துக்காக மட்டும் உருண்டை எண்களை எடுத்துக்கொள்கிறேன். தடம் 1500 மிமீ, ஈர்ப்பு மையம் 700 மிமீ உயரத்தில் என்றால் விடை 1.07. டயரை மாற்றி 19 மிமீ தூக்கினால் 1.04. இப்போது அந்த முதல் யோசனையைப் பாருங்கள்: டயரை அப்படியே விட்டுவிட்டுத் தடத்தை இரண்டு அங்குலம், அதாவது 51 மிமீ விரித்தால் 1.11. சாதாரண கார்களுக்கு இது 1.3க்கும் 1.5க்கும் இடையில் இருக்கும். உயரமான வண்டிகளுக்கு 1.0க்கும் 1.3க்கும் இடையில். எக்ஸ்ப்ளோரர் போன்ற வண்டிக்கு 0.03 என்பதே விலை உயர்ந்த சரக்கு.

225 போட்டால் நுகர்வோர் இதழின் சோதனையில் அநேகமாகத் தேறிவிடும், 235 போட்டால் சந்தேகம் என்ற மதிப்பீடு நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. ஆனாலும் 235 கைவிடப்படவில்லை. அதன் காற்று குறைக்கப்பட்டது.

பிடி கூடினால் ஆபத்து கூடும் இடம்

காற்றைக் குறைத்தால் வண்டி எப்படிக் கவிழாமல் இருக்கும்? முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். அதற்கு டயர் பக்கவாட்டில் எப்படிப் பிடிக்கிறது என்று கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

ஸ்டியரிங்கைத் திருப்பியதும், ரிம் பார்க்கிற திசையில் டயரின் அடிப்பாகம் உடனே போய்விடுவதில்லை. சாலையைக் கவ்வியிருக்கும் ரப்பர் கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் உண்மையில் போகும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் வருகிறது. இதைச் சறுக்குக் கோணம் என்று சொல்லலாம். கோணம் கூடக் கூடப் பக்கவிசையும் ஏறும், ஓர் எல்லை வரைக்கும். அதன் பிறகு டயர் வழுக்கத் தொடங்கும். அகலமாக, பக்கச்சுவர் குட்டையாக, காற்று இறுக்கமாக இருக்கும் டயர் சின்னக் கோணத்திலேயே நிறைய விசை தந்துவிடும். ஓட்டுகிறவருக்கு ஸ்டியரிங் சுருக்கென்று இருப்பதாகத் தோன்றும். பக்கச்சுவர் உயரமாக, காற்று தளர்வாக இருக்கும் டயர் விசையை மெதுவாக ஏற்றும். வண்டி ஒரு கணம் யோசித்துவிட்டுத் திரும்புவது போல இருக்கும். சாலையைத் தொடும் வெளி ரப்பரான ட்ரெட்டின் வகையும் இதில் சேரும். எக்ஸ்ப்ளோரரில் வந்த ஏடிஎக்ஸ், வில்டர்னஸ் ஏடி என்ற ஃபயர்ஸ்டோன் டயர்கள் இரண்டும் மண் சாலைக்கும் தார்ச் சாலைக்கும் பொதுவான வகை. அந்த வகையில் ட்ரெட் தனித்தனிக் கட்டைகளாகப் பிரிந்திருக்கும். வளைவில் ஒவ்வொரு கட்டையும் தானே கொஞ்சம் மடங்கும். ஈரத்திலும் மண்ணிலும் அதுவே கைகொடுக்கும், வேகமான நெடுஞ்சாலையில் அதுவே துல்லியத்தைக் குறைக்கும்.

இனிக் கவிழும் கதை. நல்ல சாலை டயர் ஒன்று வறண்ட தாரில், தன் மேல் உள்ள எடையில் ஏறத்தாழ பத்தில் எட்டு, ஒன்பது பங்கு அளவுக்குப் பக்கவிசை தரும். சாதாரண கார் கவிழ வேண்டுமானால் எடையைவிட அதிகமான பக்கவிசை வேண்டும். டயரால் அவ்வளவு தர முடியாது. ஆகவே கார் கவிழ்வதற்கு முன்னால் வழுக்கிவிடும். வழுக்குவது பயமாக இருந்தாலும் சக்கரம் நான்கும் தரையில் இருக்கும். உயரமான வண்டியில் இந்த இடைவெளி சுருங்கிவிடுகிறது. காகிதத்தில் 1.07 என்று வந்தாலும், வளைவில் உடம்பு சாய்வதாலும் பக்கச்சுவர் மடங்குவதாலும் ஸ்டியரிங்கைத் திடீரென்று திருப்புவதாலும் உண்மையான எல்லை அதைவிடக் கீழே இறங்கிவிடும். அங்கே டயர் "இன்னும் பிடிப்பேன்" என்று அடம் பிடித்தால், வண்டி வழுக்குவதற்குப் பதிலாகத் தூக்கிக்கொள்ளும்.

காற்றைக் குறைப்பது அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. பக்கவிசை மெதுவாக ஏறும், உச்சமும் கொஞ்சம் தாழும். வண்டி சீக்கிரம் வழுக்கும், சக்கரம் எழும்பாது. கூடவே பயணமும் மெத்தென்று இருக்கும். 26ஐத் தேர்ந்தெடுத்ததற்கு ஃபோர்டு வெளியில் சொன்ன காரணங்களில் இந்தச் சொகுசும் ஒன்று. சோதனைத் தளத்தில் புது டயர், சரியான காற்று, குளிர்ந்த காலை என்றால் இந்த வைத்தியம் வேலை செய்யும். நான் அதை மறுக்கவில்லை.

இங்கே ஒரு வார்த்தை. சின்ன எஸ்யூவிகளுக்கு அகலமான டயர் போட்டு "ரோட் கிரிப்" கூட்டிக்கொள்ள நினைக்கும் நண்பர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். தாழ்வான காரில் அது பெரும்பாலும் நல்லதையே செய்யும். உயரமான வண்டியில் முழு விட்டம் கூடாமல், சுமைக் குறியீடு (டயர் தாங்கும் எடையைச் சொல்லும் எண்) குறையாமல் பார்த்துக்கொண்டால்தான் அதைப் பற்றிப் பேசவே வேண்டும். பிடி மட்டும் கூடி உயரமும் கூடினால், மேலே உள்ள பின்னத்தில் கீழே இருக்கும் எண் வளர்கிறது.

ஒரு மணி நேரத்தில் நாற்பத்தெட்டாயிரம் முறை

டயரின் அடிப்பாகம் சாலையில் படும்போது தட்டையாகிறது. மேலே போகும்போது மறுபடி வட்டமாகிறது. 733.5 மிமீ விட்டமுள்ள சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.3 மீட்டர். மணிக்கு 110 கிமீ வேகத்தில் அது நிமிடத்துக்கு எண்ணூறு சுற்று, மணிக்கு ஏறத்தாழ 48,000 சுற்று சுற்றும். பக்கச்சுவரில் எந்த ஓர் இடத்தை எடுத்துக்கொண்டாலும் அவ்வளவு முறை மடங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு மடிப்பிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிறது. காற்று குறைந்தால் மடிப்பு ஆழமாகும். சுமை கூடினால் இன்னும் ஆழமாகும். அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா மாதிரி ஊர்களில் கோடைக்காலத் தார்ச் சாலையே அடுப்பாக இருக்கும். குடும்பம் முழுக்க ஏறி, கூரையில் பெட்டி கட்டி, விடுமுறைக்குப் போகிற வண்டியில் இவை எல்லாம் ஒன்று சேர்கின்றன.

ரேடியல் டயரின் ட்ரெட்டுக்கு அடியில் இரண்டு எஃகுக் கம்பிப் பட்டைகள் ஒன்றன் மேல் ஒன்றாக, கம்பிகள் குறுக்கும் மறுக்குமாக இருக்கும். பட்டை முடியும் ஓரத்தில், வெட்டுப்பட்ட கம்பி நுனிகளுக்கு இடையே, ரப்பர் அதிகமாக இழுபடுகிறது. அந்த ஓரத்தில் இரண்டு பட்டைகளுக்கும் நடுவே ஆப்பு மாதிரி ஒரு ரப்பர்த் துண்டு வைப்பார்கள். அதுதான் விரிசலைத் தடுக்கும் காவல். பட்டைகளுக்கு மேல் நைலான் உறை ஒன்றும் போடுவதுண்டு. எக்ஸ்ப்ளோரருக்காக அமெரிக்காவில் விற்ற டயர்களில் அது இல்லை. வெப்பத்தைத் தாங்கும் தரத்தில் இந்த டயருக்குக் கிடைத்தது சி. ஏ, பி, சி என்ற வரிசையில் சட்டம் அனுமதிக்கும் கடைசிப் படி அது.

26ஐ நான் குறை சொல்வதற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. எந்த டயரும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவில் தானாகவே காற்றை இழக்கும். ஆறு மாதம் கவனிக்காமல் விட்டால் 35இல் தொடங்கியது 29இல் நிற்கும், சமாளிக்கலாம். 26இல் தொடங்கியது 20இல் நிற்கும். இழப்பு இரண்டிலும் ஆறுதான். ஆனால் இரண்டாவது டயர் இப்போது தன் சுமையைத் தாங்கும் நிலையிலேயே இல்லை. 26 தவறான எண் என்று தனியாகச் சொல்ல முடியாது. மனிதர்கள் உண்மையில் வண்டியை வைத்திருக்கும் விதத்துக்கு இடம் விடாத எண் அது. 2000 செப்டம்பரில் ஃபயர்ஸ்டோன் 30 வைக்கச் சொன்னது. பத்து வருடம் கழித்து.

டயரின் மேலும் பழி உண்டு, அதை மறைக்கக் கூடாது. பட்டை ஓரத்து ஆப்பு ரப்பர் போதிய கனமாக இல்லை என்று பாதுகாப்பு நிர்வாகம் முடிவுக்கு வந்தது. 1998 மே மாதத்துக்கு முன் செய்த வில்டர்னஸ் ஏடி டயர்களில் மேலும் 35 லட்சத்தைத் திரும்பப் பெற வைத்தது அந்தக் கண்டுபிடிப்பு. இல்லினாய்ஸ் மாநிலத்து டெகேட்டர் ஆலையில் செய்த டயர்கள் மற்ற ஆலைகளின் டயர்களைவிட அதிகம் பழுதாயின. அந்த ஆலையில் 1994இல் பெரிய வேலைநிறுத்தம் தொடங்கி, மாற்று ஆட்களை வைத்து உற்பத்தி நடந்தது. ஆலன் குரூகர், அலெக்சாண்டர் மாஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள், பழுதான டயர்களின் தேதிகளையும் ஆலைத் தகராறின் தேதிகளையும் ஒப்பிட்டு, சண்டை உச்சத்தில் இருந்த மாதங்களில் செய்த டயர்களே அதிகம் பிய்ந்தன என்று 2004இல் எழுதினார்கள். டயர் செய்வது இன்றும் கை வேலை நிறைந்த தொழில். மனம் கசந்த ஆலையிலிருந்து நல்ல டயர் வராது என்று நான் நம்புகிறேன்.

பின் சக்கரம் உரியும்போது

ஓரத்தில் பிறந்த விரிசல் பல மாதங்கள் வெளியே தெரியாமல் உள்ளுக்குள் வளரும். ஒரு நாள் மேல் பட்டையும் ட்ரெட்டும் சேர்ந்து வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவிடும். பல நேரம் உள்ளே காற்று அப்படியே இருக்கும், டயர் வெடிக்காது. ஒரு பக்கம் தடதடவென்று சத்தம் கேட்கும், வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இது வரைக்கும் ஒரு நல்ல ஓட்டுநர் சமாளித்துவிடலாம். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடும்போதுதான் வண்டி வேறு வண்டியாக மாறியிருப்பது தெரியும்.

சாலைக் கார்கள் எல்லாம் அளவாக 'அண்டர்ஸ்டியர்' ஆகும்படி வடிவமைக்கப்படுகின்றன. அதாவது வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடக் கொஞ்சம் முன்னதாகப் பிடி தளரும். வண்டி நாம் கேட்டதைவிடக் கொஞ்சம் குறைவாகத் திரும்பும். நாம் இன்னும் கொஞ்சம் திருப்புவோம், அவ்வளவுதான். மனிதக் கைக்கு இது இயல்பாக வரும். பின் சக்கரம் ஒன்று ட்ரெட்டை இழந்ததும், அந்த மூலையின் பக்கவிசை படக்கென்று விழுகிறது. முன்னால் இரண்டு முழு டயர், பின்னால் ஒன்றரை டயர்கூட இல்லை. அண்டர்ஸ்டியர் 'ஓவர்ஸ்டியர்' ஆகிறது: ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பினாலும் வால் சுழன்றுகொண்டு முன்னால் வரப் பார்க்கும். இழுக்கிற பக்கத்துக்கு எதிராக ஓட்டுநர் திருப்புகிறார், வண்டி எதிர்பார்த்ததைவிட அதிகம் திரும்புகிறது, பயந்து மறுபக்கம் திருப்புகிறார். இப்போது வண்டி பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கிறது. சாலை ஓரத்து மண்ணில் சக்கரம் புதைந்தால் போதும், 1.07 என்ற அந்தச் சின்ன எண் தன் வேலையைக் காட்டும்.

முன் டயர் உரிந்தால் இதே அளவு விபரீதம் வராது. முன்னால் பிடி குறைந்தால் அண்டர்ஸ்டியர்தான் கூடும். வண்டி திரும்ப மறுக்கும், ஆனால் சுழலாது. புதிதாக இரண்டு டயர் மட்டும் வாங்கினால் அவற்றைப் பின்னால் போடச் சொல்லி டயர் நிறுவனங்கள் எழுதி வைத்திருப்பது இதனால்தான். முன் சக்கர இயக்கக் காரில் முன் டயர்தானே சீக்கிரம் தேய்கிறது என்று புது ஜோடியை முன்னால் போட்டுக்கொண்டு, தேய்ந்ததைப் பின்னால் தள்ளுவது நம் ஊரிலும் வழக்கமாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

டென்னிஸ் குந்தர் என்ற ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பொறியியல் பேராசிரியர், ஃபயர்ஸ்டோனுக்காக இதைச் சோதித்துப் பார்த்து, பின் டயரின் ட்ரெட் போன எக்ஸ்ப்ளோரர் ஓவர்ஸ்டியர் ஆகிறது என்று அறிக்கை தந்தார். அதை வைத்து வண்டியின் மேல் விசாரணை நடத்தச் சொல்லி ஃபயர்ஸ்டோன் கேட்டது. 2002 பிப்ரவரியில் பாதுகாப்பு நிர்வாகம் மறுத்துவிட்டது. இப்படி ட்ரெட் போனால் மற்ற உயரமான வண்டிகளும் ஏறத்தாழ இப்படியே நடந்துகொள்கின்றன என்பது அதன் வாதம். அந்த முடிவு எனக்கு ஆறுதல் தரவில்லை. எக்ஸ்ப்ளோரர் மட்டும் மோசம் இல்லை என்பதை அது காட்டியது, சரி. அந்த வகை வண்டிகள் எல்லாமே பின் டயர் ஒன்றை இழந்தால் தாங்காது என்பதும் அதே காகிதத்தில்தான் இருக்கிறது.

இரண்டு வாதம், ஒரே ஜோடி

இந்த விவகாரம் வெளியே வந்ததே தாமதமாகத்தான். 1998இல் ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், இந்த டயர்கள் பிய்ந்ததாக 21 கோரிக்கைகள் வந்திருப்பதைக் கவனித்து அரசுக்குத் தெரிவித்தார். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1999இல் ஃபோர்டு சவூதி அரேபியா உள்ளிட்ட வளைகுடா நாடுகளில் டயர்களை மாற்றிக் கொடுத்தது. பிறகு மலேசியா, தாய்லாந்து, வெனிசுவேலா. சொந்த நாட்டில் மட்டும் பேச்சில்லை. 2000 பிப்ரவரியில் ஹூஸ்டனின் ஒரு தொலைக்காட்சி நிலையம் செய்தி வெளியிட்டதும் புகார்கள் குவிந்தன. மே மாதம் அரசு விசாரணை. ஆகஸ்ட் 9 அன்று ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது.

அப்புறம் தொடங்கியது சண்டை. ஃபோர்டும் ஃபயர்ஸ்டோனும் சாதாரண வாடிக்கையாளர் உறவு இல்லை. ஹென்றி ஃபோர்டும் ஹார்வி ஃபயர்ஸ்டோனும் நண்பர்கள். ஹார்வியின் பேத்தி ஃபோர்டு குடும்பத்தில் மருமகளானவர். 2001 மே மாதம், 95 வருட உறவை முறித்துக்கொள்வதாக ஃபயர்ஸ்டோன் கடிதம் எழுதியது. மறுநாளே ஃபோர்டு மேலும் ஒரு கோடியே முப்பது லட்சம் ஃபயர்ஸ்டோன் டயர்களைத் தன் செலவில் மாற்றுவதாக அறிவித்தது.

ஃபோர்டின் வாதம் வலுவானது. 1995 முதல் 1997 வரை ஐந்து லட்சம் எக்ஸ்ப்ளோரர்களில் குட்இயர் டயர் போட்டிருந்தோம். அதே வண்டி, அதே 26. அங்கே இந்தப் பிரச்சினை வரவில்லையே, ஆகவே டயர்தான் குற்றவாளி. ஃபயர்ஸ்டோனின் வாதமும் வலுவானது. எங்கள் அதே டயர் ரேஞ்சர் பிக்கப்பிலும் ஓடுகிறது. அங்கே இவ்வளவு பிய்வதில்லை, பிய்ந்தாலும் இவ்வளவு பேர் சாவதில்லை, ஆகவே வண்டிதான் குற்றவாளி.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்குத் தெரிவது இதுதான். இரு தரப்பும் உண்மையே சொல்கிறார்கள். நல்ல டயர் இந்த வண்டியைத் தாங்கியது. தாங்கும் வண்டி இந்த டயரையும் தாங்கியது. மெல்லிய ஆப்பு ரப்பரும், சி தரமும், 26 காற்றும், உயர்ந்த இன்ஜினும், ஒடுங்கிய தடமும், கோடை வெயிலும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய ஜோடிதான் தாங்கவில்லை. டயரைச் செய்தவர் வண்டியைப் பார்க்கவில்லை, வண்டியைச் செய்தவர் டயரின் உள்ளே பார்க்கவில்லை. ஃபயர்ஸ்டோன் நியமித்த தனி ஆய்வாளர், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் சஞ்சய் கோவிந்த்ஜி, 2001இல் தந்த அறிக்கையும் வடிவமைப்பு, ஆலை, தட்பவெப்பம், காற்றும் சுமையும் என்று பல காரணங்களைச் சேர்த்தே சொன்னது.

ஸ்டிக்கருக்குப் பிறகு

2000 நவம்பர் 1 அன்று அமெரிக்காவில் ட்ரெட் சட்டம் என்று சுருக்கமாக அழைக்கப்படும் புதிய சட்டம் கையெழுத்தானது. வெளிநாட்டில் டயரை மாற்றிக் கொடுத்தாலும் சொந்த நாட்டு அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று அது கட்டாயமாக்கியது. இன்று நம் காரின் டேஷ்போர்டில் மஞ்சளாக எரியும் டயர்க் காற்று எச்சரிக்கை விளக்கும் இந்தச் சட்டத்தின் பிள்ளை. அமெரிக்காவில் 2008 மாடல் முதல் எல்லாச் சிறு வாகனங்களுக்கும் அது கட்டாயம். ஸ்டிக்கரில் சொன்ன அளவிலிருந்து 25 சதவீதம் குறைந்தால் எரிய வேண்டும். 26 என்ற ஸ்டிக்கருக்கு அது சுமார் 20இல்தான் எரிந்திருக்கும் என்பதையும் நான் குறித்துக்கொள்கிறேன். 1960களின் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய டயர்ச் சோதனையில், காற்றை 140 கிலோபாஸ்கலுக்கு, அதாவது சுமார் 20 பிஎஸ்ஐக்கு இறக்கிச் சுமையோடு ஓட்டிப் பார்க்கும் பகுதி சேர்ந்தது. மக்கள் காற்றைக் கவனிக்க மாட்டார்கள் என்ற உண்மையை முதன்முதலாகச் சட்டம் ஏற்றுக்கொண்டது.

டெகேட்டர் ஆலை 2001 டிசம்பரில் மூடப்பட்டது. அதே வருடம், 2002 மாடல் என்று புதிய எக்ஸ்ப்ளோரர் விற்பனைக்கு வந்தது. ரிம் 16 அங்குலமானது. பின்னால் லாரி மாதிரியான ஒற்றை அச்சு போய், இரு சக்கரமும் தனித்தனியாக அசையும் சஸ்பென்ஷன் வந்தது. தடம் இரண்டரை அங்குலம் விரிந்திருந்தது. 1989இல் எழுதி வைத்த பட்டியலின் முதல் வரியில் கேட்டது இரண்டு அங்குலம்.